முழு மதிப்பெண் வாங்கிய முருகேசன்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். இணையவழிப் பாடத்தை எப்படி அமைப்பது என்று எழுத மாட்டேன். அதற்கு உங்களிடம் கையேடு இருக்கிறது. அதில் பாதியை எழுதியவள் நான் என்பதால் அதன் குறைகளும் எனக்குத் தெரியும். நான் எழுதப்போவது நான் செய்த ஒரே ஒரு பாடத்தைப் பற்றி. எல்லோருக்கும் பிடித்த பாடம் அது. அதைப் படித்து முழு மதிப்பெண் வாங்கிய ஒருவர் ஐந்து வாரம் கழித்து இறந்துபோனார்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: சேலத்தில் ஒரு கல்லூரியில் உளவியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். மனிதர்கள் எப்படிக் கற்கிறார்கள், எப்படி மறக்கிறார்கள் என்பதுதான் என் பாடம். செல்போனில் படிக்கும் பாடங்களைத் தயாரிக்கும் இந்த நிறுவனம் தொடங்கப்பட்டபோது கல்லூரியை விட்டு இங்கே வந்தேன். வந்த புதிதில் எனக்கு நல்ல கர்வம் இருந்தது. மற்றவர்கள் படம் காட்டிக்கொண்டிருப்பார்கள், நாம் அறிவியலைக் கொண்டு பாடம் செய்யப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கர்வத்தை இறக்கிவைத்த கதைதான் இது.

திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் வண்டித் தொழிலைப் பற்றி உங்களில் உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஆழ்துளைக் கிணறு தோண்டும் இயந்திரத்தை லாரி மேல் ஏற்றிக்கொண்டு, ஆட்களோடு மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போவார்கள். வண்டியின் மேல் மாஸ்ட் என்று ஓர் உயரமான இரும்புச் சட்டம் படுத்திருக்கும். தோண்டும் இடம் வந்ததும் அதைத் தூக்கி நிறுத்துவார்கள். தலைக்கு மேல் மின்கம்பி போகிற இடமாக இருந்தால் மாஸ்ட் அதில் பட்டுவிடும். பட்டால் வண்டி முழுக்க மின்சாரம்.

அப்போது செய்ய வேண்டியது மிகவும் எளிது. வண்டி மேல் இருப்பவர் அங்கேயே இருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தும்வரை அசையாமல் நின்றால் பிழைத்துக்கொள்வார். ஒரு கை வண்டியிலும் ஒரு கால் மண்ணிலும் பட்டால் அந்த நொடியே முடிந்துவிடும். கீழே இருப்பவர்கள் வண்டிக்குக் கிட்டேயே வரக் கூடாது. தீப்பிடித்தால் மட்டும் எதையும் பிடிக்காமல், இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்க வேண்டும். சொல்வதற்கு நான்கைந்து வரிதான். ஆனால் ஆபத்து என்றால் இறங்கி ஓடு என்றுதான் உடம்பு சொல்லும். உடம்பு சொல்வதை மீறுவதற்கு ஒருவரைப் பழக்க வேண்டும் என்பதுதான் எங்களிடம் வந்த வேலை.

அதைக் கொண்டுவந்தவர் நல்லசாமி என்ற ரிக் உரிமையாளர். அவருக்கு நான்கைந்து வண்டிகள். "ஆளுங்க வருசத்துல முக்காவாசி நாளு வெளியூருங்க மேடம். உக்கார வெச்சு கிளாஸ் எடுக்க முடியாதுங்க. போனுலயே வர்ற மாதிரி பண்ணிக் குடுங்க. ஆனா மண்டையில நிக்கோணும்" என்றார்.

நிற்க வேண்டும் என்றுதான் அவர் கேட்டார். நான் செய்து கொடுத்தது சுலபமாக நுழைகிற பாடம். நுழைவது வேறு, நிற்பது வேறு, வேண்டிய நேரத்தில் வெளியே வருவது வேறு. இதை வகுப்பில் வருடந்தோறும் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான்.

பாடம் நாற்பது நிமிடம். மனம் ஒரு நேரத்தில் கொஞ்சம்தான் பிடித்துக்கொள்ளும் என்பதால் அதை எட்டுத் துண்டாக்கினேன். படங்களில் வீண் அலங்காரம் கிடையாது. குரல் பேசும்போது அதே வாசகம் திரையில் ஓடாது, ஓடினால் படிப்பதா கேட்பதா என்று மனம் தடுமாறும். குரலும் இந்தப் பக்கத்துப் பேச்சிலேயே இருந்தது. ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஒரு கேள்வி, நான்கு விடைகள், சரியானதை விரலால் தொட வேண்டும். அறிவியல் சொன்ன எல்லாவற்றையும் செய்தேன், ஒன்றைத் தவிர.

பார்த்து முடித்த உடனே கேட்டால் யாரும் விடை சொல்லிவிடுவார்கள். காதில் இன்னும் அந்தக் குரல் ஓய்ந்திருக்காது. மூன்று நாள் கழித்துக் கேட்க வேண்டும், பத்து நாள் கழித்துக் கேட்க வேண்டும், விடைகளைக் காட்டாமல் கேட்க வேண்டும். பாதி மறந்த நேரத்தில் முக்கி முனகி உள்ளேயிருந்து எடுக்கும்போதுதான் ஒரு விஷயம் நிலைக்கிறது. முதல் வடிவத்தில் அப்படிப்பட்ட கேள்விகளையும் வைத்திருந்தேன். சிலரிடம் கொடுத்துச் சோதித்துப் பார்த்தோம். மூன்றாம் நாள் போன கேள்விக்குப் பாதிப் பேர் பதிலே அனுப்பவில்லை. அனுப்பியவர்களும் தப்பும் தவறுமாகச் சொன்னார்கள். "ஏனுங்க மேடம், ஒண்ணாப்புப் பையனாட்ட மறுக்கா மறுக்கா கேக்கறீங்க?" என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். நல்லசாமியின் முகம் சுருங்கிவிட்டது. பாடம் சரியில்லையோ என்று கேட்டார். எங்கள் அலுவலகத்திலும் அதையே கேட்டார்கள்.

நான் சண்டை போட்டிருக்க வேண்டும். இந்தத் திணறல்தான் மருந்து, கசந்தாலும் விழுங்குங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் பாடத்தை எல்லோரும் பாராட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. நாள் கழித்துப் போக வேண்டிய கேள்விகள் அத்தனையையும் எடுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எடுக்க வைக்கவில்லை.

அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே! படித்தவர்கள் எல்லோரும் முழு மதிப்பெண், எல்லோரும் ஐந்து நட்சத்திரம். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போயிற்று என்பார்கள். எனக்கு மதி இருந்தது. நெய்யும் பிடித்திருந்தது.

நல்லசாமியின் வண்டி ஒன்றில் செங்கோடன் ஆபரேட்டர். மாஸ்டைத் தூக்குவதும் இறக்குவதும் அவர் கையில். ஐம்பதை நெருங்குகிறவர், அதிகம் பேச மாட்டார். பாடம் எப்படி என்று நானாகப் போய்க் கேட்டேன். "நல்லா வழுக்கிட்டுப் போவுதுங்க மேடம்" என்றார். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அதே வண்டியில் முருகேசனும் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். அவர் எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினார். "மேடம், நான் முருகேசனுங்க, நல்லசாமி அண்ணன் வண்டி. எட்டுக்கு எட்டுங்க! ஊட்டுல காட்டுனா நம்பவே மாட்டேங்கறா. பள்ளிக்கூடத்துல ஒருக்கா இப்படி வாங்கியிருந்தா எங்கப்பன் என்னய ரிக்குக்கு அனுப்பியிருக்க மாட்டாருங்க." சிரித்துக்கொண்டே பேசியிருந்தார். அதை அலுவலகத்தில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன்.

ஐந்து வாரம் ஆயிற்று. ராசிபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தோட்டம். தோட்டக்காரர் நீரோட்டம் பார்க்கிறவரை அழைத்துவந்து, தோண்ட வேண்டிய பாயிண்டைக் குறித்து, அங்கே ஒரு கல்லை நட்டிருந்தார். இந்தத் தொழிலில் பாயிண்ட் என்றால் பாயிண்ட்தான். நான்கடி தள்ளிப் போடலாமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். தள்ளிப் போட்டுத் தண்ணீர் வராவிட்டால் பழி ரிக்காரர் மேல்தான் விழும். அந்தக் கல்லுக்குச் சற்றுத் தள்ளி மேலே மின்கம்பி போயிற்று. கல்லுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்தார்கள். பூசையின்போது எல்லோரும் கும்பிட்டபடி கீழே மண்ணைத்தான் பார்ப்பார்கள். பூசை முடிந்த சூட்டோடு மாஸ்ட் எழும்ப வேண்டும் என்பது வழக்கம். எழும்பியது. தூக்கும் முன் மேலே பார் என்பது என் பாடத்தின் மூன்றாம் துண்டு. ஒருவரும் பார்க்கவில்லை.

செங்கோடன் வண்டியின் பின்மேடையில் லீவரைப் பிடித்து நின்றிருந்தார். முருகேசன் அதே மேடையில் நான்கடி தள்ளி நின்றார். மாஸ்ட் கம்பியில் பட்டது. வெடிச் சத்தத்தோடு பொறி பறந்தது. இருவரும் மேலே இருந்ததால் இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்படியே நின்றிருந்தால் இருவரும் அன்று சாயந்திரம் டீ குடித்திருப்பார்கள். முருகேசன் பயந்துபோனாரோ, ஓடிப்போய் யாரிடமாவது சொல்லி மின்சாரத்தை நிறுத்தலாம் என்று நினைத்தாரோ, இனித் தெரியாது. பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைக் கீழே வைத்தார்.

என் பாடத்தின் ஐந்தாம் கேள்வி இதுவேதான். நான்கு விடைகளில் இரண்டாவதைத் தொட வேண்டும். முருகேசன் அதைத் தொட்டது கணினியில் இருக்கிறது. எத்தனை விநாடியில் தொட்டார் என்பதும் இருக்கிறது. யோசிக்காமல் வேகமாகத்தான் தொட்டிருந்தார்.

மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். தைரியம் வர மூன்று நாள் ஆயிற்று. அவர் மனைவி பூங்கொடி தறிக்கு வேலைக்குப் போகிறவர். நான் இன்னார் என்று சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

"போனுல பாடம் போட்டது நீங்கதானுங்களா?"

"ஆமாம்மா."

"அவரு எட்டுக்கு எட்டு வாங்குனாருங்களே. கரண்ட்டு அடிச்சா எறங்கக் கூடாதுன்னு எனக்கே சொல்லிக் குடுத்தாருங்க. அவருக்குத் தெரியுமுங்க மேடம். தெரிஞ்சவரு எப்படிங்க எறங்குவாரு?"

சண்டைக்காக அவர் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். எனக்கு விடை தெரியும். அதில்தான் நான் பட்டம் வாங்கியிருக்கிறேன். "பதட்டத்துல மறந்துபோயிருக்கும்மா" என்றேன். அது பொய். மறப்பதற்கு முதலில் நிலைத்திருக்க வேண்டும். நிலைக்க வைக்கும் வேலையை நான் செய்யவில்லை. அதை அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அந்தப் பொய்க்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

வியாழக்கிழமை நல்லசாமி போன் செய்தார். வண்டிகளையெல்லாம் திருப்பி அழைத்து, ஊருக்கு வெளியே இருக்கும் தன் ஷெட்டில் நிறுத்தியிருந்தார். திங்கட்கிழமை அவை கிளம்ப வேண்டும், ஒத்துக்கொண்ட வேலைகள் காத்திருந்தன. "இன்சூரன்ஸ்காரங்க கேக்கறாங்க மேடம். ஆளுங்க அத்தன பேரும் மறுக்கா பாடத்தப் பாத்துப் பாசாயிட்டாங்கன்னு உங்க கையெழுத்தோட ஒரு தாளு வேணுமுங்க. ஒரு மணி நேரத்துல முடிச்சுப்புடுவாங்க." எங்கள் மேலாளரும் கையெழுத்தைப் போட்டுவிடுங்கள், திருத்தங்களைப் பிறகு மெதுவாகப் பார்க்கலாம் என்றார். எல்லோரும் மறுபடியும் முழு மதிப்பெண் வாங்குவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை நினைத்துத்தான் பயந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஷெட்டுக்குப் போனேன். போனை யாரும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொருவராக ஒரு வண்டியின் பின்மேடையில் ஏறி நிற்க வைத்தேன். மற்றவர்களை ஷெட்டுக்கு மறுபுறம் நிறுத்தினேன். அங்கே கிடந்த ஒரு சாப்பாட்டுத் தட்டை எடுத்து, மேடையில் நிற்பவர் எதிர்பாராத நேரத்தில் வண்டியின் இரும்பில் ஓங்கி அடித்து, "மாஸ்ட் கம்பியில பட்டிருச்சு!" என்று கத்தினேன். விடைகள் எதையும் கொடுக்கவில்லை.

முதல் ஆள் நான் கத்தி முடிப்பதற்குள் தரையில் இருந்தார். இரண்டாமவர், "எறங்கட்டுங்களா?" என்று கேட்டபோது அவருடைய ஒரு கால் ஏற்கனவே படியில் இருந்தது. ஒன்றிரண்டு பேர் நின்றார்கள், மற்ற எல்லோரும் இறங்கினார்கள். கூட வேலை பார்த்த ஆளை இதே காரணத்துக்காகச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போய் ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கீழே வந்ததும் ஒவ்வொருவரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். "தெரியுமுங்க மேடம், தெரியுமுங்க" என்றார்கள். தெரியும்தான்.

கடைசியில் செங்கோடன் ஏறினார். தட்டை அடித்துக் கத்தினேன். அவர் அசையவில்லை.

"சரியாச் செஞ்சீங்க" என்றேன். "இப்ப, பக்கத்துல நிக்கறவர் இறங்கப் போறார். நீங்க என்ன செய்யணும்?"

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அப்படியே மேடையில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கும் நான் நின்னுட்டேனுங்க மேடம்" என்றார். "எறங்கக் கூடாதுன்னு எனக்குத் தெரிஞ்சுதுங்க. அவன் கைப்பிடியப் புடிச்சத நான் பாத்தேனுங்க. எறங்காதடான்னு நெஞ்சுக்குள்ள வந்துச்சுங்க. வாய்க்கு வரலீங்க. ஒரு வார்த்தைதானுங்க. நாலடிதானுங்க தள்ளி நின்னான்."

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் பாடத்தில் அந்த வார்த்தையை ஒரு முறைகூட யாரையும் வாய்விட்டுச் சொல்ல வைக்கவில்லை. தொட வைத்தேன். விரலுக்குப் பழக்கம் கொடுத்தேன், தொண்டைக்குக் கொடுக்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று மற்றவர்களைக் கேலி செய்துகொண்டிருந்தவள், என் தோட்டத்தில் விளைந்ததும் அதே காய்தான் என்று அன்றுதான் பார்த்தேன்.

நல்லசாமி ஷெட்டுக்குள் ஒரு மேசையில் தாளைத் தயாராக வைத்திருந்தார். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

"ஏனுங்க மேடம், மார்க்குப் போட்டது உங்க மிசினுதானுங்களே?"

"ஆமாங்க. தப்பாப் போட்டுது. அப்படிப் போடற மாதிரி வெச்சது நான்தான்."

"அப்படீன்னா முருகேசன்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.  பிறகு, "இதை நீங்க வெளிய சொன்னா உங்க கம்பெனி பேரு என்னத்துக்கு ஆவும்?" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, என் நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. வேலை போகும் என்று நினைத்தேன். ஆனால் தரைக்கு வந்த அந்த ஆட்கள் ஒவ்வொருவரையும் சற்று முன்தான் என் கண்ணால் பார்த்திருந்தேன். அவருடைய தாளைத் திருப்பி, பின்பக்கத்தில், இந்தப் பாடம் இவர்களைத் தயார் செய்யவில்லை, இதன் மதிப்பெண்களை நம்ப வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எங்கள் மேலாளர் அதற்குப் பிறகு இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

நல்லசாமி தாளைப் படித்தார். திங்கட்கிழமை வண்டிகள் போயே ஆக வேண்டும் என்றார். அப்போது வாசலில் வந்து நின்ற செங்கோடன், "அண்ணா, நான் வண்டி எடுக்க மாட்டேனுங்க. மேடம் சரின்னு சொல்லோணும்" என்றார். மற்ற ஆபரேட்டர்களும் அவருக்குப் பின்னால் நின்றார்கள். ஆபரேட்டர் இல்லாமல் ரிக் நகராது. "பத்து நாளுங்க. அதுக்கு மேல என்னால தாங்காதுங்க" என்றார் நல்லசாமி.

பத்து நாளில் நாங்கள் செய்ததைத்தான் நீங்கள் கையேட்டில் படிக்கிறீர்கள். படம் பார்க்கும் நேரத்தைக் கால்வாசியாக வெட்டினேன். பிறகு, எதிர்பாராத நாளில் எதிர்பாராத நேரத்தில் போன் அடிக்கும். மேடையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிகிற காட்சி ஒன்று திரையில் வரும். விடைகள் இருக்காது. சொல்ல வேண்டியதை வாய்விட்டு, கத்திச் சொல்ல வேண்டும். பத்து விநாடிப் பதிவு எங்களுக்கு வரும், நாங்கள் காதால் கேட்டுச் சரி தவறு போடுவோம். சரியென்றால் அடுத்த கேள்விக்கு இடைவெளி கூடும், தவறென்றால் குறையும். இதோடு ஷெட்டில் தினமும் தட்டுச் சத்தம்.

தேங்காய் யோசனை செங்கோடனுடையது. பூசை போடாமல் எந்த ரிக்கும் தோண்டாது. அதனால் தேங்காயைக் கையில் எடுத்தவர் முதலில் தலையைத் தூக்கி, மேலே என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும், சொன்ன பிறகுதான் உடைக்கலாம். கம்பி இருந்தால் பாயிண்டாவது கோயிலாவது, தள்ளித்தான் போட வேண்டும், பழியை நல்லசாமி ஏற்றுக்கொள்வார். ஒருபோதும் மறக்காத ஒன்றோடு, எப்போதும் மறக்கிற ஒன்றைச் சேர்த்துக் கட்டினோம். நான் படித்த படிப்பில் இதற்கு நீளமான பெயர் இருக்கிறது. அவருக்கு அது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

புதிய பாடம் யாருக்கும் பிடிக்கவில்லை. ஐந்து நட்சத்திரம் கொடுத்த அதே கைகள் இரண்டு கொடுத்தன. சாப்பாட்டில் கை வைத்த நேரத்தில் போன் அடித்ததற்காக ஒருவர் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். திட்டுக்கு நடுவில் விடையைச் சரியாகச் சொல்லியிருந்தார். சரி என்று போட்டேன். உங்கள் பாடத்தைப் படிப்பவர் உங்களைப் புகழ்ந்தால் ஒரு நாள் சந்தோஷப்படுங்கள். மறுநாள் போய், அவருக்கு எது வராது என்று பாருங்கள். இதற்கு மேல் உபதேசம் வைத்துக்கொள்ளவில்லை.

பத்தாம் நாள் எல்லோருக்கும் கையெழுத்துப் போட்டேன். செங்கோடனுக்கு மட்டும் போட முடியவில்லை. தட்டுச் சத்தம் கேட்டால் அவர் நிற்பார். பக்கத்து ஆள் இறங்கப் போகிறார் என்றால் வாய் திறக்கும், சத்தம் வராது. அவர் வண்டி வேறொரு ஆபரேட்டரோடு போயிற்று. அவர் ஷெட்டில் இருந்துகொண்டு தோண்டும் ராடுகளுக்குக் கிரீஸ் போட்டார். முப்பது வருடம் ஊர் ஊராகப் போன மனிதரை இப்படி உட்கார வைத்தது நான்தான் என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நல்லசாமி இரண்டு முறை கேட்டார், பாவமுங்க, விட்டுப்போடலாமுங்களா என்று. அனுப்பியிருக்கலாம். பக்கத்தில் நிற்பவர் யாருடைய கணவர் என்று யோசித்தேன், அனுப்பவில்லை.

கேள்விகள் அவருக்கும் போய்க்கொண்டிருந்தன. பதில் என்று வருவதெல்லாம் பத்து விநாடி மௌனம். ஒன்றில் காக்கை கத்தும், ஒன்றில் தூரத்தில் லாரி ஹாரன் கேட்கும், ஒன்றில் அவர் இருமுவது கேட்கும். ஒவ்வொன்றுக்கும் தவறு என்று போட வேண்டும். போட்டால் மறுநாளே கேள்வி திரும்பப் போகும். அவருக்குப் போன் செய்து, கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கட்டுமா என்று கேட்டேன். "அனுப்புங்க மேடம்" என்று மட்டும் சொன்னார்.

மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு முற்பகல், செவ்வாய்ப்பேட்டையில் மளிகை வாங்கிக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. செங்கோடனின் பதிவு. இதுவும் மௌனம்தான் என்று நினைத்து, ஒரு கையில் பையோடு போனைக் காதில் வைத்தேன்.

"எறங்காத முருகேசா! எறங்காதடா சாமி!"

தெருவில் அத்தனை ஆட்டோ சத்தத்திலும் காதைப் பிளந்தது. அதற்குப் பிறகு அவர் அழுவது கேட்டது. பத்து விநாடி முடிந்ததும் பதிவு நின்றுவிட்டது. நானும் மூட்டைகளுக்கு நடுவில் நின்று அழுதேன். கடைக்காரர் பதறிப்போய் ஸ்டூலை எடுத்துப் போட்டார். உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி என்று அழுத்தினேன். அடுத்த கேள்வி நான்கு நாள் கழித்து என்று திரையில் வந்தது.

நான்காம் நாள் கேள்வி போயிற்று. பதில் உடனே வந்தது. இந்த முறை பெயர் சொல்லவில்லை, வார்த்தை மட்டும்தான் இருந்தது. வண்டிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்கும் கேட்டிருக்கும். அன்று மதியம் நல்லசாமிக்குப் போன் செய்து, செங்கோடன் வண்டி எடுக்கலாம் என்றேன்.